டீச்சர் பதில்கள்: 41 பேரும் வரட்டும்

பொங்கல் முடிந்து பள்ளி திறந்தாச்சு. இனி ஏப்ரல் வரைக்கும் சின்னப் பள்ளிகளில் சுற்றுலா, ஆண்டு விழா, பிரிவு உபசாரம் என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான், அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். நான் 31 வருஷம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்தவள். 200 பிள்ளைகளுக்கு மேல் படித்த பள்ளி எனக்கு வாய்த்ததே இல்லை. பெரிய பள்ளிக்காரர்களுக்கு இதில் சில பதில்கள் பொருந்தாமல் போகலாம்.

முதல் கடிதம்: திருவாரூர் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருக்கிறேன். மொத்தம் 41 பிள்ளைகள், என்னையும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள். பிள்ளைகளை மாமல்லபுரம், வண்டலூர் கூட்டிப்போக ஆசை. பஸ் விசாரித்ததில் தலைக்கு 900 ரூபாய் வருகிறது. 26 வீடுகளில் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். மீதி 15 பேரும் வயல் வேலை, கூலி வேலைக் குடும்பம். தருகிறவர்களை மட்டும் கூட்டிப்போகலாமா, இல்லை இந்த வருஷமும் விட்டுவிடலாமா?

இரண்டும் வேண்டாம் சார். இடத்தை மாற்றுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், நீங்கள் கேட்கிற முதல் காரியத்தை நான் செய்திருக்கிறேன். தலைமை ஆசிரியராகப் பொறுப்பேற்ற புதிது, 44 பிள்ளைகளில் 30 பேரைக் கூட்டிக்கொண்டு மிருகக்காட்சி சாலைக்குப் போய் வந்தேன். திங்கட்கிழமை காலையில் நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு ‘சுற்றுலாவில் நான் பார்த்தது’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு எழுதச் சொன்னேன். எழுதச் சொல்லும்போது எனக்கு யோசனையே இல்லை. நோட்டு திருத்தும்போதுதான் பார்த்தேன், வராத பிள்ளைகளும் எழுதியிருந்தார்கள், வந்த மாதிரியே எழுதியிருந்தார்கள். ஒரு பெண் பிள்ளை, சிங்கம் தன்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது என்று எழுதியிருந்தாள். அவள் அன்றைக்கு அம்மாவோடு களை எடுக்கப் போயிருந்தாள் என்று எனக்குத் தெரியும். அதற்குக் கீழே என்ன மார்க் போடுவது என்று தெரியாமல் நோட்டை மூடி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரைக்கும் எல்லோரும் வர முடியாத சுற்றுலா ஒன்றுக்குக் கூட நான் போகவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். திருவாரூரிலிருந்து மாமல்லபுரம் போய் வருவதற்குள் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாதி நாளுக்கு மேல் பஸ்ஸிலேயே போய்விடும், வாந்தியும் தூக்கமும்தான் மிஞ்சும். தஞ்சாவூர் உங்களுக்குப் பக்கம், ரயிலும் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் இதுவரை ரயில் ஏறியிருக்கிறார்கள் என்று நாளைக்கு வகுப்பில் கை தூக்கச் சொல்லிப் பாருங்கள். ரயிலில் 5 வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை, 12 வயதுக்குள் முன்பதிவில்லாத பெட்டியில் அரை டிக்கெட். கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு தடவை கல்விச் சுற்றுலா போனால் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் 75 சதவிகிதச் சலுகை என்று ரயில்வே பட்டியலில் தனியாகவே இருக்கிறது. அதைப் பலர் கேட்பதே இல்லை. பள்ளியின் லெட்டர்பேடில் பிள்ளைகள் பட்டியலோடு ஒரு மாதம் முன்பே ஸ்டேஷனில் போய்க் கேளுங்கள், கடைசி நாளில் போய் நின்றால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பெரிய கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. காலையிலேயே போய்விடுங்கள், பதினொரு மணிக்கு மேல் அந்தக் கல்தரை வெறுங்காலில் தாங்காது, நான் ஒரு தடவை பிள்ளைகளோடு நடு மத்தியானத்தில் மாட்டிக்கொண்டு நிழலுக்கு நிழல் ஓடியிருக்கிறேன். 1010-இல் கட்டி முடித்தது, விமானம் 200 அடிக்கும் மேல் உயரம் என்றெல்லாம் முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுங்கள், அங்கே போய்ப் பாடம் நடத்த வேண்டாம். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொல்லுவார்கள், பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். காலை வெயிலில் நன்றாகவே விழும், அதைக் கண்டுபிடித்த பிள்ளை அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருக்கும். அப்புறம் அரண்மனை. சரஸ்வதி மகால் நூலகத்தின் ஓலைச்சுவடியெல்லாம் இந்த வயதுக்குப் புரியாது, ஆனால் அரண்மனையில் ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு வைத்திருக்கிறார்கள், அங்கே மட்டும் அரை மணி நேரம் விடுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஓட்டல் வேண்டாம், புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு போய் சிவகங்கைப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

இரண்டு ஆசிரியர்கள் 41 பிள்ளைகளைப் பார்க்க முடியாது. எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று வையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற அம்மாக்களில் மூன்று பேர், சத்துணவு சமைக்கிற அக்கா ஒருவர். அந்த அக்காவை விட்டுவிடாதீர்கள், எந்தப் பிள்ளைக்கு வண்டி ஏறினால் வாந்தி வரும், எது சாப்பிடாமல் சாப்பிட்டேன் என்று சொல்லும் என்பது நம்மைவிட அவர்களுக்குத்தான் தெரியும். இப்படிப் போனால் தலைக்கு 900 என்பது எவ்வளவாகக் குறைகிறது என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். அதையும் பிள்ளைகளிடம் வசூலிக்காமல், ஊரில் இருக்கும் பழைய மாணவர்கள் நாலைந்து பேரிடம் கேளுங்கள். சுற்றுலாவுக்குக் கேட்டு இல்லையென்று சொன்ன பழைய மாணவரை நான் பார்த்ததில்லை, தாங்கள் போகாத சுற்றுலா அவர்களுக்கு நினைவிருக்கும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது உங்கள் நோட்டோடு இருக்கட்டும், பிள்ளைகள் காதுக்குப் போக வேண்டாம். வட்டாரக் கல்வி அலுவலரின் அனுமதி, பெற்றோரின் சம்மதக் கடிதம் இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

என் மகள் எட்டாம் வகுப்பு. பள்ளியில் முதல்முறையாக இரண்டு நாள் கேரளாவுக்குச் சுற்றுலா அழைத்துப் போகிறார்கள், ராத்திரி கிளம்பி விடியற்காலையில் சேருவார்களாம். அனுப்ப மனசில்லை, அனுப்பாவிட்டால் அவள் அழுகிறாள். நான் ரொம்பப் பயப்படுகிறேனோ?

இல்லையம்மா, நீங்கள் பயப்படுவதில் ஒரு பாதி சரி. அந்தப் பாதியைப் பிரித்து எடுத்துப் பள்ளியில் கேள்வியாகக் கேளுங்கள், பதில் திருப்தியாக இருந்தால் அனுப்புங்கள்.

முதல் கேள்வி, ராத்திரிப் பயணம். 2022 அக்டோபர் 5 அன்று எர்ணாகுளம் மாவட்டத்திலிருந்து ஊட்டிக்குக் கிளம்பிய பள்ளிச் சுற்றுலா பஸ், பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரிக்குப் பக்கத்தில் ராத்திரி நேரத்தில் அரசு பஸ்ஸின் பின்னால் மோதியது. ஒன்பது பேர் இறந்து போனார்கள், அதில் ஐந்து பேர் மாணவர்கள். ஒரு நாள் மிச்சம் பிடிக்கலாம் என்று எல்லாப் பள்ளியும் ராத்திரி கிளம்புகிறது, எனக்கு அதில் உடன்பாடே இல்லை. காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஒரு இடம் குறையும், குறையட்டும். ராத்திரிதான் என்றால் மாற்று டிரைவர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். 2007 பிப்ரவரியில் கேரளாவில் தட்டேக்காட்டில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு பெரியாற்றில் மூழ்கி, சுற்றுலா வந்த 15 பிள்ளைகளும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். நம் பக்கத்திலேயே, 2023 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவிகள் நான்கு பேர், கால்பந்துப் போட்டிக்குப் போனபோது, வழியில் மாயனூரில் காவிரியில் இறங்கி மூழ்கிப் போனார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஏனென்றால் அந்த மாதிரி வழியில் வண்டியை நிறுத்தி “சும்மா முகம் கழுவிட்டு வாங்க” என்று நானும் பிள்ளைகளை ஆற்றங்கரையில் விட்டிருக்கிறேன். ஆறு வெளியில் பார்க்க ஒன்று, உள்ளே வேறு. மணல் எடுத்த பள்ளம் எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது. ஆறு, அருவி, கடல் எதிலும் பிள்ளைகளை இறக்க மாட்டோம், படகு என்றால் எல்லோருக்கும் உயிர்காப்பு உடை போட்ட பிறகுதான் ஏற்றுவோம் என்று தலைமை ஆசிரியர் வாயாலேயே சொல்ல வேண்டும். உங்கள் மகளிடமும் தனியாக உட்கார்ந்து சொல்லுங்கள், எந்த டீச்சர் கூப்பிட்டாலும் தண்ணீரில் இறங்காதே என்று.

மூன்றாவது, கூட எத்தனை பெண் ஆசிரியர்கள் வருகிறார்கள், ராத்திரி தங்குகிற இடத்தில் பிள்ளைகள் இருக்கும் மாடியிலேயே அவர்கள் படுப்பார்களா, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கழிப்பறைக்கு நிறுத்துவார்களா. பாத்ரூம் போக வேண்டி வரும் என்று பயந்து நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் வருகிற பெண் பிள்ளைகளை நிறைய பார்த்திருக்கிறேன். தேதி இல்லாவிட்டாலும் பையில் நாப்கின் வைத்து அனுப்புங்கள், அலைச்சலில் முன்னே பின்னே வரும். சின்ன விஷயம் ஒன்று: கழுத்து அட்டையில் பள்ளிப் பெயரும் ஆசிரியரின் போன் நம்பரும் வெளியே தெரியட்டும், பிள்ளையின் பெயர் உள்பக்கம் இருக்கட்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரைப் பிள்ளைகள் தெரிந்தவர் என்று நம்பிவிடும்.

இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற பள்ளி என்றால் அனுப்பிவிடுங்கள் அம்மா. எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குத் தோழிகளோடு இரண்டு நாள் என்பது பெரிய சொத்து.

என் மகன் யூ.கே.ஜி. முடிக்கிறான். கிராஜுவேஷன் டே என்று கவுன், தொப்பி, போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து 2,200 ரூபாய் கேட்கிறார்கள். கட்டாவிட்டால் டி.சி. கிடைக்காது என்று ஆயா மூலமாகச் சொல்லி அனுப்புகிறார்கள். ஆட்டோ ஓட்டுகிறேன். என்ன செய்வது?

தம்பி, முதலில் டி.சி. பயத்தை விடுங்கள். உங்கள் மகன் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறான், அதற்குப் பிறப்புச் சான்றிதழ் போதும். வயதுச் சான்று இல்லை என்பதற்காகக் கூட ஒரு பிள்ளைக்குச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. மேல் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அதே சட்டத்தின் 5-வது பிரிவில், பள்ளி மாறுகிற பிள்ளைக்குத் தலைமை ஆசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும், அது வரத் தாமதமானது என்று புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது என்று இருக்கிறது. பாக்கி வசூலிக்கிற கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024-இல் கண்டிப்பாகச் சொல்லியாச்சு. கட்டாயக் கட்டணம் என்றால் அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். ஆயா வாயால் வருகிற மிரட்டல் காகிதத்தில் வராது.

விழாவைப் பற்றி. அந்தக் கறுப்பு அங்கி ஐரோப்பாவின் குளிருக்குள் பிறந்தது, சென்னைப் பல்கலைக்கழகம் மாதிரியான இடங்கள் வழியாக நம்மிடம் பட்டமளிப்பு உடையாக வந்து சேர்ந்தது. ஏப்ரல் வெயிலில் பாலியஸ்டர் துணியை ஐந்து வயதுப் பிள்ளை மேல் போட்டு இரண்டு மணி நேரம் நிற்க வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு குழந்தை மேடை ஏறி, தன் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டு, அப்பா கைதட்டுவதைப் பார்ப்பது நல்ல விஷயம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். உங்களைப் போல் தயங்குகிற பெற்றோர் இன்னும் பத்துப் பேராவது இருப்பார்கள். சேர்ந்து போய், பள்ளியே 20 அங்கி தைத்து வைத்துக்கொண்டு வருஷா வருஷம் பயன்படுத்தலாமே, போட்டோ வேண்டுகிறவர்கள் மட்டும் காசு கொடுத்து வாங்கட்டுமே என்று கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேர் போனால் பேச்சின் தொனியே வேறு.

ஆண்டு விழா நடனத்தில் என் மகளைக் கடைசி வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். அவள் கொஞ்சம் கறுப்பு. “முன்னாடி கலரா இருக்கிறவங்கதான் நிக்கணும்னு மிஸ் சொன்னாங்க” என்று வீட்டில் வந்து சொல்கிறாள். பள்ளியில் போய்ச் சண்டை போடலாமா?

படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். இது நம் பள்ளி மேடைகளில் பல வருஷமாக நடக்கிறது, வீடியோவில் நன்றாக விழ வேண்டும் என்று ஒரு காரணம் வேறு சொல்கிறார்கள். முன்வரிசைக்கு எப்போதும் அதே நாலு பிள்ளைகள், அப்புறம் தலைவரின் பேத்தி.

போங்கள், ஆனால் மணி அடித்த பிறகு, மகள் பக்கத்தில் இல்லாதபோது. சண்டையாகத் தொடங்க வேண்டாம், “ஒவ்வொரு சரணத்துக்கும் வரிசையை மாற்றி நிற்க வையுங்கள் மிஸ்” என்று ஒரே ஒரு வேண்டுகோளாக வையுங்கள். ஒத்திகையில் பழக்கினால் மிகச் சுலபம், பார்க்கவும் நன்றாக இருக்கும். மறுத்தால் மட்டும், மகள் சொன்ன வார்த்தையை அப்படியே தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். வீட்டில் விழா அன்று அவளுக்குப் பவுடரைக் கூடுதலாக அப்பாதீர்கள், அப்பினால் மிஸ் சொன்னது சரி என்று நாமே அவளிடம் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. கும்மி, கோலாட்டம் இரண்டும் வட்டமாக ஆடுவது. வட்டத்தில் கடைசி வரிசை கிடையாது. 60 பிள்ளைகள் இருக்கிற பள்ளியில் 60 பேரையும் மூன்று கோலாட்டத்தில் மேடை ஏற்றிவிடலாம், அல்லது மேடையை விட்டுவிட்டு மைதானத்திலேயே ஆட விடலாம், பெற்றோர் சுற்றி நின்று பார்க்கட்டும். வாடகைக்குப் பளபளா உடை எடுக்கத் தேவையில்லை, வீட்டில் இருக்கிற பாவாடை சட்டையும் வேட்டியும் போதும். சினிமாப் பாட்டே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். அந்தப் பாட்டின் வரிகளை மேடையில் மைக் வைத்து டீச்சரே நிறுத்தி வாசித்தால் கூச்சம் வராது என்றால் ஆடட்டும். சாதிப் பெருமை பேசுகிற பாட்டு, துண்டு, கயிறு எதற்கும் பள்ளி வாசலில் இடம் கிடையாது, யார் நன்கொடை கொடுத்திருந்தாலும் சரி.

எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குப் பந்தல், மின்விளக்கு பொறுப்பு எனக்கு. முழுக்கத் துணிப் பந்தலா, கீற்றா? சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தால் நிகழ்ச்சியைத் தொடங்கலாமா?

இரண்டுமே வேண்டாம், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் திறந்தவெளியே போதும். 1995 டிசம்பர் 23, ஹரியானாவில் டப்வாலி என்கிற ஊரில் ஒரு பள்ளியின் ஆண்டு விழாப் பந்தல் தீப்பிடித்து 400 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். துணிப் பந்தல், மின்கசிவு, வெளியேற ஒரே வாசல். 2004-இல் கும்பகோணத்தில் கீற்றுக் கூரையால் 94 பிள்ளைகளைக் கொடுத்தது நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. மேடைக்கு மட்டும் தகரமோ தார்பாயோ போடுங்கள், ஒயர் ஒட்டுப் போட்டது இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கூட்டம் வெளியேற இரண்டு பக்கமும் வழி விடுங்கள், மணல் வாளி நாலு வையுங்கள், ஜெனரேட்டரைப் பிள்ளைகள் உடை மாற்றுகிற அறைப் பக்கம் வைக்காதீர்கள்.

விருந்தினருக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நிகழ்ச்சியை முதலில் வையுங்கள், எட்டு மணிக்கு மேல் அதுகள் வேஷத்தோடு தூங்கிப்போகும்.

டீச்சர், நான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் வகுப்பில் மூன்று பேர்தான். அடுத்த வருஷம் வேற வேற ஸ்கூலுக்குப் போகிறோம். பக்கத்து ஊர் ஸ்கூலில் பிரிவு உபசார விழா வைத்தார்கள். மூன்று பேருக்கு யாராவது விழா வைப்பார்களா?

வைப்பார்கள் கண்ணு. நீ இந்தப் பக்கத்தை அப்படியே உன் டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டு, கீழே இருப்பது அவருக்கு.

டீச்சர், என்னிடம் ஒரு வருஷம் ஐந்தாம் வகுப்பில் இரண்டே பேர் இருந்தார்கள். சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, ஒன்றாம் வகுப்பில் அவர்களைச் சேர்த்த அன்று அவர்கள் அப்பா போட்ட கையெழுத்தையும், ஒருத்தியின் ஆத்தா வைத்த கைநாட்டையும் காட்டினேன். அதைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார்கள். அப்புறம் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அவர்களுக்குப் பாயசம் பரிமாறினார்கள், மற்ற நாளில் பெரிய பிள்ளைகள்தானே சின்னதுகளுக்குப் பரிமாறும். கடைசி மணியை அந்த இரண்டு பேரையும் அடிக்கச் சொன்னேன், ஐந்து வருஷமாக அந்த மணியைத் தொட ஆசைப்பட்டிருக்கிறார்கள். செலவு, பால் ஒரு லிட்டர், சேமியா, சர்க்கரை.

ஒரு போட்டோ எடுங்கள், முழுப் பள்ளியும் இருக்கட்டும், சமையல் அக்காவும் நிற்கட்டும். பிரிண்ட் போட்டு மூன்று பேருக்கும் ஒவ்வொன்று கொடுங்கள். பின்பக்கம் எல்லோர் பெயரையும் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை முகத்துப் பக்கம் ஊறிவிடும்.